ஆபீஸ் குரூப்பில் தொலைந்த 20,800 ரூபாய்

ஜனவரி மாசம் உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க. பொங்கல் வாழ்த்து, யாரோ ஒருத்தரோட பிறந்தநாள் கேக், அதுக்குக் கீழே நாற்பது கைதட்டல். இதுக்கு நடுவுல எச்.ஆர் போட்ட ஒரு வரி இருக்கும்: "வாடகை ரசீதுகளை 20-ம் தேதிக்குள் போர்ட்டலில் ஏற்றவும்." நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அந்த வரி என் கண்ணுல படவே இல்லை.

அதனால என்ன ஆச்சு? நான் இருந்தது பழைய வரி முறையில், 20% ஸ்லாபில். 1,00,000 ரூபாய் எச்ஆர்ஏ விலக்கு கிடைச்சிருக்கணும். ரசீது போகாததால் கம்பெனி அதைச் சேர்த்து வரி கணக்குப் போட்டது. 20% வரி, அதுக்கு மேல 4% செஸ், மொத்தம் 20,800 ரூபாய். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தலா 10,400 டிடிஎஸ்ஸாகப் பிடிச்சுட்டாங்க. ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கிட்டேன், உண்மைதான். ஆனா அந்த ரெண்டு மாசத்தை கிரெடிட் கார்டை வச்சு ஓட்டினேனே, அந்த வட்டி ரீஃபண்டில் வராது.

தப்பு என்னுடையது மட்டும்தானான்னு பிறகு யோசிச்சேன். கேக்கும் கெடுவும் ஒரே இடத்தில் வந்தா, கெடுதான் காணாமல் போகும். புதுசா சேர்ந்தவங்களுக்கு இன்னும் மோசம். அவங்க குரூப்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டது தானாகத் தெரியாது. இதுக்குன்னு வந்ததுதான் ஸ்லாக், டீம்ஸ் மாதிரியான ஆபீஸ் சாட் செயலிகள். ஸ்லாக் என்ற பேரோட விரிவாக்கமே 'எல்லா உரையாடலையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு' என்பதுதான். நாம பாதிப் பேர் அதில் தேடுறதே இல்லை, குட் மார்னிங் போடுறோம்.

நண்பர் ஒருத்தரோட ஆபீஸில் 'சம்பள சந்தேகம்' என்று தனி சேனல் ஆரம்பிச்சாங்க. சம்பளம், பி.எஃப், வரி தவிர வேற எதுவும் அங்கே போடக்கூடாது. கேள்விக்குக் கீழேயே த்ரெட்டில் பேரோல் ஆள் பதில் சொல்லணும். முதல் மூணு வாரம் ஒருத்தரும் வாயைத் திறக்கலை, 'இது கூடத் தெரியாதா'ன்னு நினைப்பாங்களோ என்ற பயம். கடைசியில் பத்து வருஷம் சர்வீஸ் உள்ள ஒரு மேனேஜர், "நான் எந்த வரி முறையில் இருக்கேன்னு எப்படிப் பார்க்கிறது?"ன்னு கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கேள்விகள் வந்தன. நியாயமான கேள்விதான் அது. 2023-24 நிதியாண்டிலிருந்து நாம எதையும் தேர்வு செய்யலைன்னா புதிய முறைப்படிதான் டிடிஎஸ் பிடிப்பாங்க. புதிய முறையில் எச்ஆர்ஏ விலக்கு கிடையாது.

தனியா மெசேஜ் பண்ணிக் கேட்டா பதில் உங்களுக்கு மட்டும்தான். சேனலில் கேட்டா கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும். பேரோல் ஆளுக்கும் ஒரே பதிலைப் பத்து தடவை டைப் பண்ற வேலை மிச்சம்.

இப்படிக் கேட்க வேண்டிய இன்னொன்று கம்பெனி வழி என்பிஎஸ். புதிய வரி முறையிலும் கம்பெனி உங்க பேரில் கட்டும் என்பிஎஸ் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கழிவு உண்டு. அடிப்படைச் சம்பளம் மாசம் 30,000 என்றால் வருஷத்துக்கு 50,400 ரூபாய். இதை எச்ஆர்ஏ மாதிரி ரிட்டர்னில் பிறகு பார்த்துக்க முடியாது, கம்பெனிதான் கட்டியிருக்கணும். அந்த வசதி உங்க ஆபீஸில் இருக்கான்னு கேட்டிருக்கீங்களா?

ரெண்டு எச்சரிக்கை. ஸ்லாக்கின் இலவச பிளானில் 90 நாளுக்கு முந்தைய மெசேஜ் தெரியாது, ஏப்ரலில் எச்.ஆர் போட்ட விளக்கத்தை ஜனவரியில் தேடினா கிடைக்காது. முக்கியமான பதிலை உடனே வேற இடத்தில் சேமிச்சு வைங்க. அப்புறம், பான் எண், பேங்க் விவரம், சம்பளச் சீட்டு எதையும் சேனலில் போடாதீங்க. அதுக்கு போர்ட்டல் இருக்கு.

உங்க ஆபீஸில் இப்படி ஒரு சேனல் இல்லையா? எச்.ஆருக்கு இதை அப்படியே அனுப்புங்க: "சம்பளம், வரி சம்பந்தமான கேள்விகளுக்குத் தனி சேனல் ஒன்று தொடங்க முடியுமா? கடைசித் தேதிகளை மேலே பின் செய்து வைத்தால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்."