எல்ஸ் தேவைப்படாத இஃப்

ஒரு ஃபங்ஷனில் இஃப் கிளை ரிட்டர்னோடு முடிந்துவிட்டால் அதன்பின் வரும் எல்ஸுக்கு வேலை இல்லை. இதைச் சுட்டிக்காட்டும் விதிக்கு, ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் லின்டரான இஎஸ்லின்ட்டில் நோ-எல்ஸ்-ரிட்டர்ன் என்று பெயர், பைத்தானுக்கான பைலின்ட்டில் ஆர்1705. இஎஸ்லின்ட்டை ஃபிக்ஸ் தெரிவோடு ஓட்டினால் அதுவே எல்ஸை நீக்கிவிடும். எல்ஸ்-இஃபை மட்டும் தொடாது. அதையும் பிடிக்க வேண்டுமானால் அலவ்எல்ஸ்இஃப் அமைப்பை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

விதியைப் பழக உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை விடப் பொருத்தமான பயிற்சி கிடைப்பது அரிது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921இல் பொறிக்கப்பட்ட, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள் அதில் உள்ளன. வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் ஆகியோர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது.

இதை இஃபுக்குள் இஃபாக எழுதினால் எந்த எல்ஸ் எந்த இஃபுக்கு என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும். தகுதியற்றவரை முதலிலேயே ரிட்டர்ன் ஃபால்ஸ் என்று அனுப்பிவிட்டால் ஒரு வரிக்கு ஒரு நிபந்தனை. கடைசி வரி ரிட்டர்ன் ட்ரூ. அரைக்கால் வேலியே இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு இடமுண்டு என்ற விலக்கு மட்டும் தனி வரியாகப் பிரியாது. நிலத் தகுதி என்று ஒரு மாறியில் இரண்டையும் 'அல்லது' போட்டுச் சேர்ப்பதே தெளிவு.

கவனம் தேவைப்படுவது வயதில். ஜாவாஸ்கிரிப்டில் '35ஐ விடப் பெரிது, 70ஐ விடச் சிறிது' என்ற சோதனையில் வயதே பதிவாகாதவர் தோற்றுவிடுவார். அதைத் திருப்பி '35 அல்லது குறைவு, இல்லையேல் 70 அல்லது அதிகம் என்றால் வெளியே' என்று எழுதினால் அதே ஆள் உள்ளே வந்துவிடுவார். அன்டிஃபைன்டை எண்ணோடு பெரிது, சிறிது என்று எப்படி ஒப்பிட்டாலும் ஃபால்ஸ்தான். குறிகளைத் திருப்பாமல் முழு நிபந்தனைக்கும் முன்னால் 'அல்ல' என்னும் நாட் குறி இடுவது பாதுகாப்பு. லின்டர் இதை எச்சரிக்காது.

நிபந்தனை உண்மையானால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ் என்று திருப்பும் இஃபையே அகற்றச் சொல்லும் விதியும் உண்டு, பைலின்ட்டில் ஆர்1703. பைத்தானில் நிபந்தனையை அப்படியே ரிட்டர்ன் செய்தால் ட்ரூவுக்குப் பதில் ஒரு லிஸ்டோ எண்ணோ வெளியே போகக்கூடும். பூல் ஃபங்ஷனால் சுற்றிவிட வேண்டும்.

இரு கிளைகளும் சம எடை கொண்டவையானால், உதாரணமாக ஆங்கிலத்தில் ஒரு விலாசம், தமிழில் ஒரு விலாசம் என்றால், எல்ஸை விட்டுவைப்பதே படிக்க எளிது. அங்கே விதியை அந்த வரிக்கு மட்டும் அணைக்கலாம். பழைய கோடில் விதியைக் கொண்டுவரும்போது அந்த மாற்றத்தைத் தனி கமிட்டாக வைக்க வேண்டும். வரிகள் இடப்பக்கம் நகர்வதால் டிஃப் பெரிதாகத் தெரியும். கிட்டில் வெற்றிடத்தைப் புறக்கணிக்கும் டபிள்யூ தெரிவோடு பார்த்தால் உண்மையில் மாறிய சில வரிகள் மட்டும் மிஞ்சும்.