துப்பாக்கியின் பின்னுதைப்பும் தாங்கியைத் தேர்ந்தெடுக்கும் முறையும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி நெருங்கிய பொருள் அன்று. ஏரியும் கழனியும் நெல் மூட்டையுமே நம் கண்ணுக்குப் பழகியவை. அண்மையிலுள்ள வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டு உரிமை பெற்றவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. எனினும் தேசிய மாணவர் படையில் சேரும்போதும், பின்னர்க் காவல் துறைக்கோ இராணுவத்துக்கோ தேர்வு பெறும்போதும், துப்பாக்கி நம் தோளுக்கு வந்து சேர்கிறது. இயற்பியல் மாணவன், மாணவர் படைப் பயிற்சி பெறுபவன் என்னும் இரு நிலைகளிலும் நின்று, கனரகத் துப்பாக்கியின் உதைப்பைக் குறைக்கும் தாங்கியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

உதைப்பு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்பது 1687-இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. குண்டோடு சேர்ந்து வெடிமருந்தின் வாயுவும் வெளியேறுவதால் அதன் உந்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரு உலகப் போர்களிலும் இந்தியப் படைவீரர் தோளில் இருந்த பாயிண்ட் 303 ரைபிளை எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளில்தான் அதற்கு விடை கொடுத்தது. அதன் குண்டு ஏறத்தாழ 11.3 கிராம், வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர். வாயுவையும் சேர்த்தால் மொத்த உந்தம் சுமார் 11.3 அலகு. துப்பாக்கியின் எடை 4 கிலோ எனக் கொண்டால், அது வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். அதன் இயக்க ஆற்றல் 16 ஜூல். நான்கு கிலோ எடையுள்ள பொருள் ஒன்று 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தோளின் மீது விழுவதற்கு இது ஒப்பாகும்.

மாணவர் படையில் நாம் சுடும் பாயிண்ட் 22 ரைபிளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். குண்டு 2.6 கிராம், வேகம் சுமார் 330 மீட்டர். உதைப்பின் ஆற்றல் கால் ஜூலைக்கூட எட்டவில்லை. முன்னதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இது. சிறிய துப்பாக்கியில் நன்றாகச் சுட்டவர் பெரிய துப்பாக்கியை ஏந்தியதும் தடுமாறுவதன் காரணம் இப்போது விளங்கும்.

அஞ்சுவது கோழைமை அன்று

இரண்டு மூன்று முறை தோள் கன்றிப்போனவர், அடுத்த முறை விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடுகிறார், தோளைக் குலுக்குகிறார். குழல் அசைகிறது; குண்டு குறி தப்புகிறது. மெலிந்த உடலுடைய மாணவரையும் மாணவியரையும் பார்த்து, 'உனக்குத் துணிவு இல்லை' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அடி வருமுன் உடல் சுருங்குவது நரம்பின் இயல்பு. அதட்டலால் அது மாறுவதில்லை. அடியைக் குறைத்தால் மாறும். ஓசையும் இந்த அச்சத்தை வளர்ப்பதால் காதடைப்பான் இல்லாமல் எந்தத் தாங்கியும் முழுப்பயன் தராது.

தாங்கி செய்வது என்ன?

தாங்கி உதைப்பை அழித்துவிடுவதில்லை. உந்தத்தை அழிக்க எவராலும் இயலாது. அதை அதிக நிறைக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். அதிக நேரத்துக்கு நீட்டலாம். அதிகப் பரப்புக்குப் பரப்பலாம். இம்மூன்று வழிகளே உண்டு. கட்டட வேலையில் கீழிருந்து எறியும் செங்கல்லைச் சாரத்தின் மேலிருப்பவர் பிடிப்பதைப் பாருங்கள். கல் வரும் போக்கிலேயே கையைப் பின்னிழுத்து வாங்குகிறார். கொள்முதல் நிலையத்தில் முதுகில் மூட்டை விழும்போது தொழிலாளி முழங்காலை மடித்துக்கொடுப்பதும் இதற்காகவே.

நிறையின் பயனைக் கணக்கே காட்டும். உந்தம் மாறாதிருக்க, நிறை இரட்டித்தால் ஆற்றல் பாதியாகும். நமது 303 ரைபிளின் கட்டைக்கும் தோளுக்கும் இடையே 4 கிலோ மணல் பையை வைத்தால் 16 ஜூல் 8 ஆகிறது. கட்டையை 12 கிலோ எடையேற்றிய சட்டத்தில் பொருத்தினால் 4 ஜூலாகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவதாக, தாங்கி எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். முன்கட்டைக்கு அடியில் வைக்கும் மணல் மூட்டை குறியை நிலைப்படுத்தும். உதைப்பை அவ்வளவாகக் குறைக்காது. துப்பாக்கி அதன் மேல் வழுக்கிக்கொண்டு பின்வாங்கிவிடும். உதைப்பைக் குறைக்க வேண்டுமானால் பின்கட்டையே எடையுள்ள சட்டத்தில் அல்லது பையில் பதிய வேண்டும். இரும்புக் குழலை மட்டும் தாங்கியின் மீது வைக்கலாகாது. குழலின் அதிர்வு மாறிக் குண்டு விழும் இடமும் மாறும்.

இரண்டாவது, பையில் நிரப்பும் பொருள். நம் ஊரில் மணலும் உமியும் எளிதில் கிடைப்பவை. பத்து லிட்டர் கொள்ளும் பையில் உலர்ந்த மணல் சுமார் 16 கிலோ பிடிக்கும். உமி ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். ஆகவே நிறை வேண்டிய இடத்தில் மணலே தக்கது. மணலை நன்கு உலர்த்திச் சலித்து, கெட்டியான துணியில் இரட்டைத் தையல் போட்டு நிரப்ப வேண்டும். தோளைத் தொடும் பக்கத்தில் மெத்தென்ற ரப்பர் அட்டை இருப்பின் அடி பரவலாகும்.

மூன்றாவது, அளவு. அதிக எடை அதிக நன்மை என்று எண்ணிச் சட்டத்தில் 40, 50 கிலோ ஏற்றுவோர் உண்டு. துப்பாக்கி அசையவே இடமில்லையெனில் அந்தத் தாக்கு முழுவதும் மரக்கட்டை வழியே பாயும். கட்டையின் பொருத்துகளில் விரிசல் காணும். துப்பாக்கி சிறிது பின்வாங்க இடம் விடுவதே அறிவுடைமை.

நான்காவது, உயரம். குனிந்து கழுத்தை நீட்டிச் சுட வைக்கும் தாங்கி வேண்டாம். நிமிர்ந்து அமர்ந்தால் உடலும் உதைப்போடு சற்று வளைந்து கொடுக்கும். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியாயின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் போதிய இடைவெளி தேவை. இல்லையேல் புருவம் கிழியும்.

திருச்சியில் ஒரு சான்று

இக்கொள்கைகள் யாவும் ஒரே கருவியில் கூடியிருப்பதைக் காணத் தமிழ்நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. 1966-இல் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையில் 'வித்வன்சக்' என்னும் கனரக ரைபிள் உருவாக்கப்பட்டது. 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என மூன்று விட்டங்களுக்கு ஏற்பக் குழலை மாற்றிக்கொள்ளலாம். ஏறத்தாழ 25 கிலோ எடை, இருகால் தாங்கி, குழலின் முனையில் வாயுவைத் திசைதிருப்பும் தடுப்பான். இவற்றோடு, சுடும்போது குழல் சட்டத்துக்குள் பின்னோக்கிச் சறுக்கி ஒரு தணிப்பானின் மீது அழுந்துகிறது. எடை நிறையைக் கூட்டுகிறது. தணிப்பான் நேரத்தை நீட்டுகிறது. நான்கு கிலோத் துப்பாக்கியிலிருந்து அத்தகைய குண்டைச் சுட்டால் எந்தத் தோளும் தாங்காது.

முடிவுரை

நண்பர்களே! தாங்கி என்பது குழந்தைக்கு நடைவண்டி போன்றது. துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்கவும், அச்சம் நீங்கி விசையை மெல்ல அழுத்தப் பழகவும் அது உதவும். ஆனால் தாங்கியில் வைத்துச் சுடும்போது குண்டு விழும் இடமும் தோளில் வைத்துச் சுடும்போது விழும் இடமும் ஒன்றாக இரா. எனவே பழகியபின் தாங்கியை விலக்கித் தோளில் வைத்து மீண்டும் சரிபார்ப்பது இன்றியமையாதது. இவையனைத்தும் அனுமதி பெற்ற சுடுதளத்தில், பொறுப்பாளரின் கண்காணிப்பில் செய்ய வேண்டியவை. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றமாகும்.

சுடுதளத்தில் ஒருவர் குறி தப்பினால் அவருடைய துணிவை ஐயுறுவதற்கு முன், அவர் தோளில் விழும் அடி எத்தனை ஜூல் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பை மணல் தீர்த்துவைக்கக்கூடிய குறைக்காக நல்ல மாணவர் ஒருவர் பயிற்சியை விட்டு விலகும்படி ஆகக் கூடாது. இதுவே என் வேண்டுகோள்.