சேமித்த நெல்லின் பூச்சிகளும் கதிரூட்டும் முறையும்

கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் காலபோக நெல், அறுவடையின் பின் முருங்கன், நானாட்டான் பகுதிக் கமக்காரரின் வீடுகளை அடைகின்றது. வயலிற் பாடுபட்டுக் காத்த நெல்லைச் சேமிப்பிலே பூச்சிக்கு இரையாக்குதல் ஆகாது. அந்துப்பூச்சி நெல்லின்மேல் முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் புழு மணியைத் துளைத்து உட்சென்று, அரிசியை உண்டு வளரும். ஆகையால் புடைத்தாலும் தூற்றினாலும் அது நீங்காது.

மணிக்குள் மறைந்திருக்கும் இப்புழுவை அழிக்கும் முறைகளுள் ஒன்று கதிரூட்டல். கோபாற்று-60 என்னும் பொருளிலிருந்து வரும் காமாக் கதிர் சாக்கையும் மணியையும் ஊடுருவும். 250 முதல் 1,000 கிரே வரையான அளவில் அக்கதிர் பட்டால், பூச்சிகள் மடியும். அன்றேல் இனம் பெருக்கும் ஆற்றலை இழக்கும். கதிர்ப்படம் எடுக்கப்பட்டவரின் உடலிற் கதிர் எஞ்சாதது போல, நெல்லிலும் அது எஞ்சாது. 10,000 கிரே வரை கதிரூட்டிய உணவால் நச்சுத் தீங்கு இல்லையென்று உலகச் சுகாதார நிறுவனம் முதலியவற்றின் கூட்டு நிபுணர் குழு 1980 ஆம் ஆண்டில் முடிவு செய்தது.

அதே ஆண்டில், கருங்கடற் கரையிலுள்ள ஒடெசாத் துறைமுகத்தில், மணிக்கு 200 தொன் தானியத்துக்கு இலத்திரன் கதிரூட்டவல்ல பொறிகள் இரண்டு இயங்கத் தொடங்கின. இந்தியாவில் நாசிக் மாவட்டத்து லாசல்காவில், வெங்காயம் முளைவிடாது காப்பதற்கென 2002 ஆம் ஆண்டில் காமாக் கதிர் நிலையம் அமைந்தது. இலங்கையிற் பியகமவிலும் காமாக் கதிர் நிலையம் உண்டு. எனினும், சில மூடை நெல்லை மன்னாரிலிருந்து அத்துணைத் தூரம் ஏற்றியிறக்குதல் சிறு கமக்காரருக்குக் கட்டுபடியாகாது.

இம்முறை பற்றி இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, கதிர் நெல்லில் எஞ்சாமையால், பின்னர் வரும் பூச்சியை அது தடுக்காது. இரண்டாவது, பூச்சியை அழிக்கும் அளவு விதையின் முளைதிறனையும் கெடுக்கும். ஆதலால் விதைநெல்லுக்குக் கதிரூட்டுதல் ஒருபோதும் கூடாது. ஊட்டின், அடுத்த போகத்தில் நாற்று எழாது.

எனவே, கதிரூட்டிய நெல்லாயினும் ஊட்டாத நெல்லாயினும், அதன் காப்பு கமக்காரரின் கையிலேயே உள்ளது. பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. நெல்லைப் படங்கிற் பரப்பி, ஈரம் நூற்றுக்கு 13 ஆகும் வரை காயவிடுக. நன்கு காய்ந்த மணியைப் பல்லாற் கடித்தால் ஓசையுடன் ஒடியும்.

2. புது நெல்லைப் பழைய நெல்லோடு கலத்தல் ஆகாது. பழைய சாக்குகளைக் கொதிநீரில் இட்டு, வெயிலில் உலர்த்துக.

3. ஈரம் ஏறாவண்ணம், மூடைகளை நிலத்திலும் சுவரிலும் படாது மரத்தட்டின்மேல் அடுக்குக.

4. விதைநெல்லைக் காற்றுப் புகாத பையில் நிரப்பி இறுகக் கட்டுக. உள்ளிருக்கும் பூச்சி அங்குள்ள ஒட்சிசனை முடித்துத் தானே மடியும். விதைப்புக் காலம் வரை பையைத் திறத்தலாகாது.

5. ஏனைய மூடைகளைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சோதிக்க. உட்சூடு தோன்றினும் அந்து பறப்பினும், அந்நெல்லைத் தாமதமின்றி மீண்டும் காயவைத்தல் வேண்டும்.