பதிவேட்டு அலமாரியின் கீலும் குமிழும்

நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றின் அலுவலகத்தில், தேக்கு அலமாரியின் கதவு கயிற்றினால் கட்டப்பட்டிருக்கக் கண்டோம். மேற்கீலின் திருகுகள் கழன்று கதவு சாய்ந்துவிட்டமையால் பூட்டுப் பொருந்தவில்லை. அவ்விடைவெளியில் எலி புகுந்து வீட்டுவரிப் பதிவேட்டின் சில பக்கங்களைக் கொறித்துவிட்டது. பழைய வரிக்குச் சான்று கேட்டு வந்த விவசாயி ஒருவர் வெறுங்கையுடன் திரும்பினார். உரிய காலத்தில் திருகுகளைச் சீர்செய்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது. ஆகவே, இவ்வேலையின் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

கீல் பொருத்துதல்

மூன்றடி உயரக் கதவுக்கு இரண்டு கீல்கள் போதும். அதனினும் உயரமானதற்கு மூன்று வேண்டும். கதவின் மேல், கீழ் முனைகளிலிருந்து ஒரு கீலின் நீளம் தள்ளிக் கீலை வைத்து, கூரிய கத்தியால் கோடிடுக. கீல் தகட்டின் கனத்திற்கு மட்டுமே உளியால் பள்ளம் எடுக்கவேண்டும். பள்ளம் ஆழமானால் கதவு முழுதும் மூடாது. அழுத்தி மூடுந்தோறும் திருகுகள் பிடுங்கிக்கொள்ளும். ஆழம் குறைந்தால் இடைவெளி விழும்.

திருகைச் சுத்தியலால் அடித்து இறக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது மரத்தின் நாரைச் சிதைத்துப் பிடிப்பைக் கெடுக்கும். திருகின் நடுத்தண்டு அளவிற்கு முதலில் துளையிட்டு, திருகில் சிறிது மெழுகு தடவித் திருப்புளியால் முடுக்குக. பித்தளைத் திருகு கடின மரத்தில் முறியக்கூடும். ஆதலின் அதே அளவுள்ள இரும்புத் திருகை முதலில் முடுக்கிக் கழற்றியபின் அதனைப் பொருத்துக. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு திருகை மட்டும் முடுக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்த்தபின்னரே ஏனையவற்றை முடுக்கவேண்டும்.

குமிழும் கைப்பிடியும்

குமிழ், கீலுக்கு எதிர்ப்புறச் சட்டத்தில் அமைதல் வேண்டும். துளையின் இடத்தை ஓர் அட்டையில் குறித்து, அதனையே எல்லாக் கதவுகளுக்கும் அளவாகக் கொள்க. பின்புறம் மரத்துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்துத் துளையிட்டால் மரம் சிலும்பாது. உட்புறமிருந்து ஊடுருவும் திருகை வாசர் இட்டு முடுக்கினால் குமிழ் எளிதில் கழலாது. அகன்ற இழுப்பறைக்கு இரண்டு கைப்பிடிகள் வேண்டும். ஒன்றேயானால் அது கோணலாகச் சிக்கிக்கொள்ளும்.

பழுது பார்த்தல்

தளர்ந்த துளையை அகலப்படுத்தி, உலர்ந்த மரமுளையை வச்சிரம் தடவி அடித்து, ஒருநாள் உலரவிட்டுப் புதிதாகத் துளையிடுக. ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கதவு இறுகினால் உடனே இழைத்துவிடலாகாது; கோடையில் மரம் வற்றியதும் அவ்விடம் இடைவெளியாகிவிடும்.

அடுத்த கூட்டத்திற்குச் செல்லும் உறுப்பினர்கள் தத்தம் அலுவலக அலமாரியை ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பார்களாக. கதவு சாய்ந்திருப்பின், அவ்வாரமே தச்சரை அழைத்துச் சீர்செய்தல் வேண்டும். பட்டாவும் பத்திரமும் வைத்துள்ள வீட்டு அலமாரிக்கும் இதுவே முறை.