நகைமுகக் கோட்டை

மாணாக்கர் ஒரு கல்லூரியில் பயிலும் காலம் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே. ஆதலின் அவர்கள் தொடங்கும் ஏடுகள், தொடங்கியவர் பிரிந்து சென்றதும் நின்றுவிடுதல் இயல்பு. அமெரிக்க நாட்டின் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் 1876ஆம் ஆண்டில் மாணாக்கர் எழுவர் தொடங்கிய நகைச்சுவை ஏடு ஒன்று இன்றும் நின்றுவிடவில்லை. 'ஹார்வர்டு லாம்பூன்' என்பது அதன் பெயர். லாம்பூன் என்னும் ஆங்கிலச் சொல், எள்ளி நகையாடும் எழுத்தைக் குறிக்கும்.

இலண்டனில் 1841 முதல் வெளிவந்த 'பஞ்ச்' என்னும் இதழே அவ்வெழுவர்க்கும் வழிகாட்டி. கல்லூரி வாழ்வின் கோணல்களைச் சித்திரத்தாலும் சொல்லாலும் அவர்கள் நகையாடினர். ஆயினும், சிரிக்க எழுதுவோர்க்கும் அச்சுக்கூலி சிரிப்புக்குரிய பொருளன்று! 1880களில் வணிகப் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராண்டால்ப் ஹெர்ஸ்ட் என்னும் மாணாக்கர், வணிகரிடம் விளம்பரம் திரட்டி, கடனிற் கிடந்த ஏட்டை ஆதாயம் தருவதாக்கினார். பட்டம் பெறாமலே கல்லூரியை நீங்கிய அவர், பின்னாளில் நாளிதழ்கள் பலவற்றின் உரிமையாளராய் விளங்கினார்.

தொடங்கிய எழுவருள் ஒருவரான எட்மண்ட் வீல்ரைட், கட்டடக் கலைஞராகப் புகழெய்திய பின்னரும் தம் பழைய ஏட்டை மறந்தாரல்லர். இரு தெருக்களுக்கு இடையே அமைந்த குறுகலான மனையில் அதற்கு ஒரு சிறு கோட்டையை வகுத்துக் கொடுத்தார். 1909இல் திறக்கப்பெற்ற அக்கோட்டையின் முகப்பை நோக்குவோர், தலைச்சீரா அணிந்த ஒரு முகம் தம்மையே வெறித்து நோக்குவதைக் காண்பர். வட்டப் பலகணிகள் கண்கள்; வாயிலே வாய். பொருளுதவி செய்தோருள் ஹெர்ஸ்டும் ஒருவர்.

கோட்டையின் உச்சியில் செம்பினாலான பறவை ஒன்று நிற்கிறது. நாம் அரிவாள் மூக்கன் என வழங்கும் இனத்தைச் சேர்ந்தது அது. அப்பல்கலைக்கழக மாணாக்கரே நடத்தும் 'கிரிம்சன்' என்னும் நாளேட்டினர்க்கும் லாம்பூன் குழுவினர்க்கும் நெடுங்காலப் பூசல் உண்டு. 1953இல் நாளேட்டினர் பறவையைக் கவர்ந்து நியூயார்க்குக்குக் கொண்டு சென்றனர். ஐக்கிய நாடுகள் அவையில் சோவியத்து நாட்டின் துணைப் பேராளராயிருந்த சாராப்கினிடம், மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் புதிய கட்டடத்துக்கு நன்கொடை எனக் கூறி அதனை வழங்கினர். அவரும் பெற்றுக்கொண்டார். அரிவாளைக் கொடியிற் கொண்ட நாட்டுக்கு அரிவாள் மூக்கன்! தமிழறிந்தோர் அங்கிருந்திருப்பின் இருமடங்கு நகைத்திருப்பர்.

அக்காலமோ நகைக்கும் காலமன்று. பொதுவுடைமைச் சார்புடையர் என்னும் ஐயத்தால் பலர் வேலையிழந்தனர். செனட்டர் மெக்கார்த்தி ஹார்வர்டு ஆசிரியர் சிலரையும் அதே குற்றத்தைச் சுமத்திச் சாடிவந்தார். முதியோர் வாய்திறக்க அஞ்சிய அவ்வாண்டில், இருபது வயது இளைஞர் சிலர் சோவியத்துப் பேராளரையே தம் கேலிக்கூத்தில் ஒரு பாத்திரமாக்கிவிட்டனர். பறவையை இழந்த லாம்பூன் குழுவில் அப்போது ஜான் அப்டைக் என்னும் மாணாக்கரும் இருந்தார். ஏட்டுக்குச் சித்திரம் வரைந்தும் எழுதியும் வந்த அவர், பின்னர்ப் பெயர்பெற்ற நாவலாசிரியரானார்.

ஆடவர் மட்டுமே இருந்த அக்குழுவில் 1970களில் பெண்களும் இடம்பெற்றனர். பறவை கோட்டைக்குத் திரும்பிவந்தது. அதன் பின்னரும் பன்முறை களவு போயிற்று.