ஒரே தூண்டில், இரண்டு கரை

முட்டம் பாறையிலும் பக்கத்து மணல் கரையிலும் தூண்டில் போட ஆசை. இரண்டுக்கும் ஒரே ராடும் ரீலும் போதுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

தாராளமாகப் போதும். 10 அடி ஸ்பின்னிங் ராடு, இரண்டு துண்டாகக் கழற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள். 13 அடி ராடு மணலில் ராஜாதான். பாறையில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது தென்னங்கழியோடு மாடிப்படி ஏறுவது மாதிரி. 7 அடி என்றால் பாறையில் சுகம். மணலிலோ நரம்பு அலைமேல் படுத்து, ஈயத்தைக் கரைக்கே இழுத்து வந்துவிடும். பிடிக்கு மேலே எறி எடை அச்சிட்டிருக்கும். 30 முதல் 80 கிராம் வரை தாங்குவது நல்லது.

ரீல் 5000 அல்லது 6000 அளவு. அதில் 30 பவுண்டு பின்னல் நரம்பைச் சுற்றுங்கள். பின்னல் நரம்புக்குப் பாறைதான் எமன். ஓர் உரசலில் அறுந்துவிடும். அதனால் நுனியில் இரண்டு மீட்டருக்கு 50 பவுண்டு தங்கூசி முடிந்துகொள்ளுங்கள். பாறை மீனோ கொடுவாவோ கல்லிடுக்கை நோக்கி ஓடினாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்று, ரீலை மணலில் கிடத்தாதீர்கள். பல்சக்கரத்தில் மணல் புகுந்தால் அம்மி அரைக்கும் சத்தம் வரும்! மூன்றடி பிவிசி குழாய் ஒன்றை ஊன்றி, ராடை அதில் செருகுங்கள். ஹார்டுவேர் கடைத் துண்டுக்குழாயே போதும்.