போகிமான் அட்டை சேர்க்கிறார்களா உங்கள் பிள்ளைகள்?

தை 5-ஆம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் போகிமான் அட்டை கேட்டால் வாங்கித் தாருங்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள். அசல் அட்டை 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். கைப்பேசி டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். போலியில் வெளிச்சம் தாராளமாக ஊடுருவும். அசலில் நடுவே கருமையான மெல்லிய அடுக்கு இருக்கும். ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால் கோடாகத் தெரியும். மலிவு விலையில் தகதகக்கும் தங்க அட்டை, விளையாட மட்டும்தான்.

ரப்பர் பேண்டு போடாதீர்கள், விளிம்பு நசுங்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் இட்டு ஆல்பத்தில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும்.

எதைச் சேர்ப்பது என்று குழம்பினால் கல் வகையில் தொடங்கலாம். ஜியோடூட் கைமுளைத்த பாறை, ஓனிக்ஸ் பாறைகளால் ஆன பாம்பு. ஜியோடூட் அட்டையைக் காட்டி, கல்வராயன் மலையின் கருநிறச் சார்னோகைட் பாறையைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தலாம். எனக்குப் பிடித்தது ஓமனைட். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் சாயல் அது. அந்தச் சுருள் ஓடுகளின் புதைபடிவங்கள் அரியலூர் மண்ணிலேயே கிடைக்கின்றன. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு, கையில் ஓமனைட் அட்டையுடன், பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.